பாலமும் அதைக் கடப்பவர்களும்

நம்மில் பலருடைய வாசிப்பு அயல்நாட்டு அரசொன்றின் செலவில் தொடங்கியது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகிக் கப்பலேறி வந்த நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சொற்ப விலைக்கு வாங்கினோம். அட்டை கெட்டி, தாள் உயர்தரம். அவ்விலைக்கு அப்படியொரு புத்தகத்தை எந்தத் தமிழ்ப் பதிப்பாளரும் தந்திருக்க முடியாது. அந்த அரசு 1991இல் மறைந்தது. அது அனுப்பிய அரசியல் பிரசுரங்களைப் பழைய புத்தகக் கடைகளில்கூட இன்று எவரும் தேடுவதில்லை. ரா. கிருஷ்ணையாவின் தமிழில் வந்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' மட்டும் இன்றும் தேடப்படுகிறது. அதுவோ தன் நாட்டின் நீதிமன்றத்தையும் சிறையையும் திருச்சபையையும் குற்றக்கூண்டில் ஏற்றிய நாவல்.

1990இல் அமெரிக்க அறிஞர் ஜோசஃப் நை 'மென்சக்தி' என்ற கருத்தை முன்வைத்தார். படைபலத்தாலோ பணபலத்தாலோ அல்லாமல், பிறரைக் கவர்வதன் மூலம் ஒரு நாடு தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். வல்லரசுகளுக்கு இது தானாகவே கைகூடிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் சுமாரான நாவலும் உலகெங்கும் செல்கிறது. கொரியா, துருக்கி, இந்தோனேசியா போன்ற இடைநிலை நாடுகளின் நிலைமை வேறு. அவற்றின் மொழிகளை வெளியே கற்பவர் மிகச் சிலர். ஆகவே அங்கெல்லாம் அரசே முன்வந்து மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்துப் பாலம் கட்ட வேண்டியிருக்கிறது. இதில் தவறேதும் இல்லை. பாலம் கட்டியவர், அதைக் கடப்பவர் எவர் என்பதையும் தாமே தீர்மானிக்க முற்படும்போது என்ன நேர்கிறது என்பதே நம் கேள்வி.

கொரியாவை எடுத்துக்கொள்வோம். பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனம் 2001இல் அப்பெயரில் உருவானது. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கும் நிதியளிப்பதோடு, இளம் மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கப் பள்ளியொன்றையும் நடத்துகிறது. தனியார் அறக்கட்டளைகளும் உடன் நின்றன. 2016இல் ஹான் காங்கின் நாவல் சர்வதேச புக்கர் பரிசை வென்றது. 2024இல் நோபல் வந்தது. திட்டமிட்ட உழைப்பின் கனி என்று அந்த அரசு பெருமைப்படலாம்தான். ஆனால் பார்க் குன்-ஹே ஆட்சியில் அரசு உதவிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட வேண்டிய கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்று ரகசியமாகத் தயாரிக்கப்பட்டது. அதில் ஹான் காங்கின் பெயரும் இருந்தது. 1980 மே மாதத்தில் க்வாங்ஜு நகரில் ராணுவம் நிகழ்த்திய படுகொலையைப் பற்றி அவர் 2014இல் நாவல் எழுதியிருந்தார். ஒரு கை நீட்டியதை மறு கை தடுத்த கதை இது. பட்டியல் அம்பலமானபின் 2017இல் பண்பாட்டு அமைச்சர் கைதானார். இன்று கொரிய இலக்கியத்தின் முகமாக உலகம் அறிவது ஹான் காங்கைத்தான்.

துருக்கியின் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. துருக்கிய நூல்களை அயல்மொழிகளுக்குக் கொண்டுசெல்லும் 'தேதா' நிதித் திட்டத்தை அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் 2005இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஆர்மீனியர்களும் குர்துகளும் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேசியதற்காக ஓரான் பாமுக் மீது, துருக்கியை இழிவுபடுத்தினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. 2006 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அக்டோபரில் நோபல் அறிவிப்பு வந்தது. 2008இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் சிறப்பு விருந்தினராகத் துருக்கி அழைக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் அப்துல்லா குல் அமர்ந்திருந்த அரங்கிலேயே, நூல்களைத் தடைசெய்வதும் எழுத்தாளர்களைத் தண்டிப்பதும் தம் நாட்டில் தொடர்வதாகப் பாமுக் பேசினார். அவர் அப்படிப் பேச முடிந்ததும் குல் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததுமே எந்த விளம்பரத்தையும்விட அன்று துருக்கிக்கு மதிப்பைத் தேடித்தந்தன என்று நமக்குத் தோன்றுகிறது.

2015 அக்டோபரில் அதே கண்காட்சியில் சிறப்பு விருந்தினராக இருந்தது இந்தோனேசியா. 1965ஆம் ஆண்டின் படுகொலைகளும் அவற்றின் பின்விளைவுகளும் லைலா சுடோரி, லக்ஷ்மி பமுஞ்சாக் ஆகியோரின் நாவல்கள் வழியாக அங்கே பேசப்பட்டன. அதே மாதம் பாலித் தீவின் உபுத் எழுத்தாளர் விழாவில், அதே 1965ஐப் பற்றிய அமர்வுகள் அதிகாரிகளின் நெருக்குதலால் கைவிடப்பட்டன. வெளியே காட்டிய முகத்தை வீட்டுக்குள் காட்டத் துணியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஃபிராங்க்ஃபர்ட்டும் லண்டனும் ஸ்டாக்ஹோமும் மேற்கின் சந்தைகள். கீழை நாடுகளின் காயங்களை அவை விரும்பி வாங்குகின்றன. அரசை ஏசும் எழுத்தாளருக்கே அங்கே மாலை விழுகிறது என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் க்வாங்ஜுவைப் பற்றிய நாவல் கொரியர்களுக்காகக் கொரிய மொழியில் எழுதப்பட்டது. 2024 டிசம்பர் 3 இரவில் அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது அந்நாவலின் தேவை என்னவென்று கொரியர்கள் அறிந்தார்கள். நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்ற ஹான் காங், சில நாட்களுக்குள் அங்கேயே அந்த அதிர்ச்சியைப் பற்றிப் பேச நேர்ந்தது. உடல்கள் கிடத்தப்பட்ட கூடத்தில் காவலிருக்கும் அந்நாவலின் சிறுவனை முள்ளிவாய்க்காலுக்குப் பின் வாசிக்கும் தமிழருக்கு விளக்கவுரை தேவையில்லை. அங்கே கொரியா நம்மைக் கவரவில்லை. நம்மோடு துக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறது. இந்தப் பகிர்வு மேற்கின் அனுமதியோடு நடப்பதல்ல. ஆனாலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடைகிறது. சமயவேலின் 'மரக்கறி'யும், ஜி. குப்புசாமியின் 'என் பெயர் சிவப்பு'ம் அவ்வாறு வந்தவையே.

இவையெல்லாம் நமக்கு எதற்கு? 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் முதல் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியை நடத்தி, தமிழ் நூல்கள் பிறமொழிகளுக்குச் செல்ல மானியமும் அறிவித்தது. மனமார வரவேற்கிறோம். அதே ஆண்டில் பெருமாள்முருகனின் 'பூக்குழி' சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் இடம்பெற்றதையும் கொண்டாடினோம். ஆனால் 2015இல் 'மாதொருபாகன்' எதிர்ப்பின்போது, அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் மன்னிப்புக் கேட்கவைக்கப்பட்டு, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தவரும் அவரே. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றிருக்காவிட்டால் நம் பெருமைப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருக்கும்.

எனவே மானியத்தோடு இன்னொன்றையும் நாம் கேட்க வேண்டும். நூல்களைத் தேர்வுசெய்யும் குழு ஆட்சியாளர்களின் முகம் பார்க்காததாக இருக்க வேண்டும். சாதியையும் காவல் நிலையத்தையும் பற்றி எழுதப்பட்ட நூல், தொன்மைப் பெருமை பேசும் நூலுக்குச் சமமாக அதன் மேசைக்கு வர வேண்டும். வெளியே அனுப்பப்படும் எழுத்தாளருக்குச் சொந்த ஊரிலும் பாதுகாப்பு இருக்க வேண்டும். சங்க இலக்கியத்தை உலகறியச் செய்வது நம் கடமை. அதோடு நிறுத்திக்கொண்டால் அனுப்புவது சுற்றுலாக் கையேடாகிவிடும். மாஸ்கோவிலிருந்து வந்த பெட்டிகளில் நாம் பத்திரப்படுத்தியது எதை என்பதை நாமே மறந்துவிடக் கூடாது.