இறுக்கினால் நிற்கும் என்பது ஒரு மூடநம்பிக்கை

லேத்தில் எது நழுவினாலும் நம்மூரில் ஒரே மருந்துதான். சாவியை எடு, சக்கை இன்னும் அரைச் சுற்று இறுக்கு. அதற்கும் நழுவினால் இன்னொரு அரைச் சுற்று. இரும்புத் தண்டுக்கு இது சரி. தூண்டில் கழிக்கு இது கொலை.

தெரியாதவர்களுக்குச் சின்ன முன்கதை. ராடும் ரீலும் வைத்து மீன் பிடிக்கும் பொழுதுபோக்கில் கொஞ்சம் முற்றிய கேஸ்கள் உண்டு :-) கடையில் விற்கும் கழி பிடிக்காமல் தாமே கட்டிக்கொள்வார்கள். வெறும் கழியை வாங்கி, அடியில் கார்க் வளையங்களை ஒட்டி, லேத்தில் சுழலவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பிடியை உருவாக்குவார்கள். பிறகு நரம்பு ஓடும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி எபாக்சி பூசுவார்கள். இதற்கென்றே சின்ன லேத்துகள் வெளிநாட்டில் விற்கின்றன. இங்கே அது கையில் இல்லாதவர்கள் கழியை எடுத்துக்கொண்டு இரும்பு கடையும் பட்டறைக்குப் போகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

பட்டறை லேத்தில் இருப்பது மூன்று தாடைச் சக். சாவியைத் திருப்பினால் மூன்று தாடையும் ஒன்றாக உள்ளே வரும். கெட்டியான இரும்பை மூன்று இடத்தில் கவ்வினால் அது அசையாது. கழியோ உள்ளே காலியான மெல்லிய குழாய். கார்பனோ கண்ணாடி இழையோ, அதில் பெரும்பாலான இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வளைவதற்காகவே செய்தது அது. பக்கவாட்டில் நெரித்தால் தாங்கிக்கொள்ளக் குறுக்கே கொஞ்சம் இழைதான் இருக்கும். மூன்று தாடை நெரிக்கும்போது வட்டம் முக்கோணமாகப் பார்க்கிறது. உள்ளே பிசின் விரிசல் விடுகிறது, அடுக்குகள் பிரிகின்றன.

இரும்பு என்றால் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வெளியே பளபளவென்று சிரிக்கும். பல நாள் கழித்து ஒரு பெரிய மீன் இழுக்கும்போது, சக் கவ்விய அதே இடத்தில் படாரென்று முறியும். உடனே ஐயா என்ன சொல்வார்? "கம்பெனி சரக்கு சரியில்லை." செலவைத் தப்பான தலைப்பில் எழுதுவது என்பது இதுதான். நஷ்டம் பட்டறையில் நடந்தது, பழி கழி செய்தவன் மீது. இப்படி எழுதும் வரை அடுத்த கழியும் அதே கணக்கில்தான் போகும்.

இன்னொரு கூத்து. கழி அடியில் தடித்து நுனியில் மெலிந்தது. சக்கின் தாடை நேரானது. சரிவான பொருளை நேரான தாடையில் கவ்வினால் தாடையின் ஒரு முனை மட்டும்தான் தொடும். அதனால் ஆடுகிறது, மெல்ல வெளியே நகர்கிறது. இதைப் பார்த்துவிட்டு "பிடி போதவில்லை" என்று இன்னும் இறுக்குகிறார்கள். நோய் வடிவத்தில், மருந்து பலத்தில்!

"இறுக்காவிட்டால் கழி பறந்து யார் மண்டையையாவது பிளக்கும், அப்போது வந்து பேசு" என்பது பட்டறைவாதிகளின் பிரம்மாஸ்திரம். பயம் நியாயமானது, தீர்வுதான் தப்பு. கார்க்கை உப்புத்தாளால் தேய்க்க எவ்வளவு விசை வேண்டும்? இரும்பை உளி போட்டுச் சீவுவதில் ஒரு சிறு பங்குகூட வேண்டாம். கழி பறப்பதற்கும் அடிப்படைக் காரணம் பிடி தளர்ந்தது அல்ல. ஏழடிக் கழியின் ஓரடியைச் சக்கில் கொடுத்துவிட்டு மிச்ச ஆறடியை அந்தரத்தில் விட்டால், வேகம் ஏறியதும் அது சாட்டையாக வீசும். எவ்வளவு இறுக்கினாலும் வீசும். இறுக்க இறுக்க, முறிய வேண்டிய இடம் சக்கின் வாயில் தயாராகும், அவ்வளவே.

பிடிப்பு என்பது ஓரிடத்து வலிமை அல்ல, பரவிய தாங்கல். இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு வீடியோ தேட வேண்டாம். மெரினாவின் தென்கோடியில் இருக்கும் நொச்சிக்குப்பத்துக்குப் போனால் போதும்.

அங்கே ராடு லேத் எதுவும் கிடையாது. தூண்டில் போடுகிறவர்களும் பெரும்பாலும் தங்கூஸ் நரம்பை விரலில்தான் பிடிக்கிறார்கள். ஆனால் பிடித்து நிறுத்தும் வித்தையை அந்தக் கடற்கரை எப்போதோ முடித்துவிட்டது. கட்டுமரம் என்ற பேரிலேயே பாடம் இருக்கிறது. அது ஆணிமரம் அல்ல, கட்டு மரம். மரங்களை ஒன்று சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் நெகிழும், மரம் பிழைக்கும். ஆணி அடித்திருந்தால் அடி முழுக்க அந்தத் துளையில் விழுந்து மரம் பிளந்திருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பிசினும். அதாவது தூண்டில் கழியின் ஒன்றுவிட்ட அண்ணன். அதில் விரிசல் விட்டால் விரிசலை மட்டும் அடைத்தால் நிற்காது. சுற்றிலும் அகலமாகத் தேய்த்து, விரிசலைவிடப் பெரிதாக அடுக்கடுக்காக இழை விரித்துப் பிசின் பூச வேண்டும். இங்கேயும் அதே விதி, பாரத்தைப் பரப்பு. "குப்பத்துக்காரனுக்கு என்ன இன்ஜினியரிங் தெரியும்" என்று கேட்கும் கனவான்கள், கார்பன் கழியைச் சக்கில் நெரித்துவிட்டு வந்து கேட்கிறார்கள் என்பதுதான் காமெடி.

சரி, குறை மட்டும் சொல்லி என்ன பயன்? முறை இதுதான்:

முதலில், முடிந்தால் கழியை லேத்தில் ஏற்றவே வேண்டாம். கார்க்கைத் தனியாக ஓர் இரும்புக் கம்பியில் கோத்துக் கடைந்து, பிறகு துளையைக் கழிக்கேற்ப அகலப்படுத்தி ஒட்டலாம். கழிக்கு ஒரு கீறல்கூட விழாது.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அடிப்பக்க ஓட்டைக்குள் அளவாக ஒரு மரக் குச்சியைச் செருகுங்கள், குழாய் நசுங்காது. வெளியே மாஸ்கிங் டேப்பைச் சுற்றிச் சரிவை நேராக்குங்கள். அதன்மேல் நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயைப் போட்டு, பிறகு சக்கைக் கையளவு இறுக்கினால் போதும். நழுவினால் நழுவட்டும். அது "அழுத்தித் தேய்க்கிறாய்" என்ற எச்சரிக்கை.

மிச்ச நீளத்துக்கு உருளை வைத்த தாங்கிகள் கொடுங்கள். முதல் தாங்கி வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இரண்டு துண்டுக் கழி என்றால் நுனித் துண்டைக் கழற்றி வையுங்கள். வேகம் குறைவிலிருந்து ஏறட்டும். எபாக்சி காய வைக்க என்றால், நிமிடத்துக்குப் பத்து இருபது சுற்றுக்கு ரப்பர் வளையமே போதும். அதற்கும் இரும்புத் தாடை கேட்பவரைக் கடல்தான் காப்பாற்ற வேண்டும்.

பி.கு: சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். தொங்கும் துண்டு, லுங்கி, கையுறை மூன்றும் லேத்துக்குப் பிடித்த தீனி. கார்பன் தூசுக்கு முகமூடி கட்டாயம். கழி போனால் வேறு வாங்கலாம், நுரையீரலுக்கு ஸ்பேர் கிடையாது.