வரகனை உருக்கலாமா?

"பழைய காசுதானே? உருக்கினால் ஒரு ஜோடி கம்மலாகுமே!" எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், அக்காள் திருமணத்தையொட்டி எழுந்த பேச்சு இது. பாட்டியின் பெட்டியில் இருந்தது ஒரு நட்சத்திர வரகன். ஒருபுறம் திருமால், மறுபுறம் நட்சத்திரம். எடை சுமார் 3.4 கிராம்.

1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களுக்காக அமைத்த 'காலெட் பேட்டை'யைத்தான் நம் நாக்கு காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது! அந்நாளில் கம்பெனியார் துணிக்குக் கணக்கெழுதியது வரகனில். 1818-ல் ரூபாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு மன்னர் 1344-ல் வெளியிட்ட 'நோபிள்' என்னும் தங்கக் காசைச் செல்வந்தர் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். நம் வீட்டுக் காசோ தட்டாரின் மூசையில் கரைகிறது. அவர் எடைக்குத்தான் விலை தருவார், வயதுக்குத் தரமாட்டார்.

"அப்படியானால் கல்யாணச் செலவுக்கு என்ன வழி?" என்று தோழி கேட்டபோது நாங்கள் விழித்தோம். விற்றே தீரவேண்டுமெனில், முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தாரிடம் காட்டட்டும். பின்பு காசு சேகரிப்போரிடம் கொடுக்கட்டும். உருக்குவது மட்டும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பாட்டி இன்னும் வாய் திறக்கவில்லை. பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது.