பாட்டரிக்குத் தாகம்!

உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதா?

இருந்தால், இந்தக் கட்டுரையை உடனே படிக்க வேண்டாம். முதலில் எழுந்து போய், மூலையில் கிடக்கும் அந்தப் பாட்டரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதன் மேல் என்ன இருக்கிறது? பழைய செய்தித்தாள் கட்டா? குழந்தையின் கிரிக்கெட் மட்டையா? அதற்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது?

"பச்சை விளக்கு எரிகிறதே! அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள்.

அந்தப் பச்சை விளக்கை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வர்தா புயல் அன்று

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. சென்னையை வர்தா புயல் தாக்கிய நாள். மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெரு இருளில் மூழ்கியது.

என் தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சு இரைத்தால், மருந்தைப் புகைபோல் ஆக்கி உள்ளே அனுப்பும் நெபுலைசர் கருவியை வைக்கவேண்டும். அது மின்சாரத்தில் ஓடுவது. "இன்வர்ட்டர்தான் இருக்கிறதே!" என்று தைரியமாக இருந்தோம். அன்று காலை வரை பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மின்சாரம் போன பதினைந்தாவது நிமிடம், இன்வர்ட்டர் "கீ... கீ..." என்று கத்தியது. பிறகு அணைந்தது.

அம்மாவைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனோம். அங்கே விளக்கு எரிந்தது. கருவி ஓடியது. அம்மாவுக்கு மூச்சு சீரானது. விடிந்த பிறகும் அந்த வீட்டுப் பாட்டரியில் சரக்கு இருந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டு வீட்டுப் பாட்டரியும் ஒரே கடையில், ஒரே மாதத்தில் வாங்கியவை! தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ஆம் ஆண்டில் வாங்கினோம். எங்கள் வீட்டில் நான் பட்டதாரி. அந்த வீட்டுப் பாட்டரியைப் பார்த்துக்கொண்டவர், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பாட்டி!

அவரிடம் ரகசியம் கேட்டேன்.

"என்ன தம்பி பெரிய ரகசியம்? அமாவாசைக்கு அமாவாசை மூடியைத் திறந்து பார்ப்பேன். குறைந்திருந்தால் ஊற்றுவேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறோம் இல்லையா? அதுபோல் இதுவும் வாய் இல்லாத ஜீவன்தானே!" என்றார்.

எங்கள் பாட்டரியின் மூடியைத் திறந்தோம். உள்ளே தகடுகள் காய்ந்து கிடந்தன.

உள்ளே என்ன நடக்கிறது?

ஈயப் பாட்டரியைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். இன்றும் அடிப்படை அதுதான். ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றிக் கந்தகத் திராவகம் கலந்த தண்ணீர். 12 வோல்ட் பாட்டரியில் இப்படி ஆறு அறைகள் உண்டு.

நாம் மின்சாரத்தை எடுக்கும்போது, திராவகத்தின் சத்து தகடுகளுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே இருக்கும் நீர், நீர்மோர்போல் ஆகிவிடுகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்தச் சத்து தகட்டை விட்டு மறுபடி நீருக்கு வருகிறது.

உடனுக்குடன் சார்ஜ் ஏற்றினால் தொல்லை இல்லை. காலியாகவே நாள் கணக்கில் போட்டுவிட்டால், தகட்டில் ஒட்டியது கெட்டியாகிவிடும். அடுப்பில் காய்ந்துபோன பாத்திரத்தின் அடிப்பற்றுபோல! பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது.

இப்போது பச்சை விளக்கின் கதைக்கு வருவோம். தகடு கெட்டுப்போன பாட்டரியில் சரக்கு பிடிக்க இடம் குறைவு. அதனால் சீக்கிரமே வோல்ட் ஏறிவிடும். "நிறைந்துவிட்டது" என்று நினைத்து இன்வர்ட்டர் பச்சை விளக்கைக் காட்டும். அண்டாவும் நிறையும், ஆழாக்கும் நிறையும் அல்லவா? எவ்வளவு கொள்ளும் என்பதை அந்த விளக்கு சொல்லாது.

மின்வெட்டு அடிக்கடி இருந்தபோது பாட்டரி கெட்டால் உடனே தெரிந்தது. மின்வெட்டு குறைந்த பிறகுதான் ஆபத்து. பாட்டரி எந்நேரமும் சார்ஜில் நிற்கிறது. தண்ணீர் மெல்ல மெல்லக் குறைகிறது. யாரும் பார்ப்பதில்லை. புயல் அன்றுதான் குட்டு வெளிப்படுகிறது.

எதைக் கொண்டு பார்ப்பது?

பெரும்பாலான வீட்டுப் பாட்டரிகளில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு மிதவை இருக்கும். பச்சைக் குறி தெரிந்தால் தண்ணீர் போதும். சிவப்புக்கு இறங்கினால் ஊற்றவேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம். கண் போதும்.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாயும் ரப்பர் குமிழும் கொண்ட சின்னக் கருவி. பாட்டரிக் கடையில் கிடைக்கும். நீரை உறிஞ்சினால், உள்ளே மிதக்கும் குச்சி ஓர் எண்ணைக் காட்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய வீட்டுப் பாட்டரியில் அது 1220 முதல் 1240 வரை இருக்கும். எண் குறையக் குறைய, சரக்கும் குறைகிறது என்று பொருள். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்து நின்றால், அந்த அறை நோயாளி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வோல்ட் பார்க்கும் மீட்டர் இருந்தால், சார்ஜில் இருக்கும்போது பார்க்காதீர்கள். அப்போது 13, 14 என்று காட்டி ஏமாற்றும். சார்ஜை நிறுத்தி, எதையும் ஓட்டாமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். 12.5-க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போக விடாதீர்கள்.

மாதம் ஒருமுறை, மெயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பாட்டரியில் வீட்டை ஓட்டிப் பாருங்கள். இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

என்ன தண்ணீர்?

கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைத் தின்னும். சுத்திகரித்த குடிதண்ணீரும் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் தூசியும் உலோகக் கசிவும் கலந்திருக்கலாம். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரம் ரூபாய்ப் பாட்டரியைப் பலி கொடுப்பானேன்?

திராவகம் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். திராவகம் உள்ளேயே இருக்கிறது.

திறப்பதற்கு முன் இன்வர்ட்டரை நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடித்து வெடிக்கக் கூடியது. ஆகவே காற்றோட்டமான இடத்தில் பாட்டரியை வையுங்கள். பக்கத்தில் அகல்விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. திராவகம் கண்ணில் தெறித்தால், உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் ஓடவேண்டும். (நல்ல புடவையோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள். துளி பட்டால் ஓட்டைதான்!)

எத்தனை மணி நேரம்?

150 ஏ.எச். பாட்டரி என்கிறார்கள். அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800. இரண்டு மின்விசிறிக்கு 150 வாட், இரண்டு எல்.இ.டி. விளக்குக்கு 40 வாட், ஆக 190 வாட். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று கணக்கு வரும். அப்படி ஓட்டாதீர்கள்! அடிக்கடி அடிவரை காலி செய்தால் பாட்டரியின் ஆயுள் குறையும். இன்வர்ட்டரும் கொஞ்சம் தின்னும். பாதியோடு நிறுத்துவது நல்லது. அப்படியானால் நான்கு மணிக்கும் குறைவு. புயல் இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விளக்கோடு இருந்தால், விடிய விடியத் தாங்கும்.

"தண்ணீர் ஊற்ற வேண்டாத லித்தியம் பாட்டரி வந்துவிட்டதே" என்பார்கள் சிலர். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். இன்று வீட்டில் இருப்பதற்கு இன்றே தண்ணீர் ஊற்றித்தானே ஆகவேண்டும்?

பாட்டரிக் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் ஆங்கிலம். அதுவும் எறும்பு எழுத்து! பாட்டரியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் நான்கு வரி ஒட்டினால் என்ன? ஒரு ஹைட்ரோமீட்டரையும் சேர்த்துக் கொடுத்தால் கம்பெனி முழுகியா போய்விடும்?

எங்கள் பழைய பாட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். உள்ளே இருப்பது ஈயம். அதைக் காயலான் கடையில் உடைக்க விடக்கூடாது. புதிது வாங்கி, சுவரில் தொங்கும் காலண்டரில் அமாவாசைகளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

முதல் அமாவாசை அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நின்றார். மிதவைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"ஐந்து சரி. அந்தக் கோடிக்கு மட்டும் கொஞ்சம் ஊற்று தம்பி" என்றார்.