நூலரங்கம்: நடுப்பாகம்

லேக் கார்டன்ஸ் அன்பர் ஒருவர், தம் மகள் ‘ரெபல் ஏஞ்சல்ஸ்’ வாசிக்கலாமா என வினவினார். அமெரிக்க எழுத்தாளர் லிப்பா பிரே 2005இல் வெளியிட்ட இந்நாவல், மூன்று பாகக் கதையொன்றின் நடுப்பாகம். நடுப்பாகங்கள் பெரும்பாலும் பாலம்போல் மிதிபடும். இஃது அப்படியன்று.

காலம் 1895. பம்பாயில் தாயை இழந்த ஜெம்மா டாயில் என்னும் பதினாறு வயதுப் பெண், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லண்டன் வீட்டுக்கு வருகிறாள். மாய உலகும் அச்சந்தரும் தோற்றங்களும் நூலில் மலிந்துள்ளன. இளைஞர் அவற்றுக்காகவே வாசிப்பர். என்னை நிறுத்தியது அவ்வீடுதான். தந்தை அபின் கலந்த மருந்துக்கு அடிமை. பாட்டிக்கு ஊரார் வாயைப் பற்றியே கவலை. தமையனோ மனநோய் மருத்துவமனையில் அயலாரைக் கவனிக்கிறான். மாயசக்தி வாய்த்த மகளுக்கும் தந்தையை மீட்கும் வழி புலப்படவில்லை. (அபின் நம் நகருக்குப் புதிதன்று; பாட்னா அபின் இங்கே ஏலம் விடப்பட்டே சீனத்துக்குக் கப்பலேறியது.)

கார்த்திக் என்ற இந்திய இளைஞன் அவ்வீட்டு வண்டியோட்டியாக வருகிறான். செல்வந்தன் சைமன் மிடில்டன் ஜெம்மாவோடு விருந்தில் அமர, கார்த்திக் குதிரையருகே நிற்கிறான். காரியம் முடிந்ததும் அவளைக் கொல்லும்படி அவன் சார்ந்த இரகசியச் சங்கத்தின் ஆணை. அவன் மனமோ அவளிடம். இப்பகுதிகள் உருக்கமானவை. ஆயினும் அவனுடைய ஊரையும் உறவையும் பற்றி ஆசிரியை போதிய அளவு சொல்லாதது குறையே.

அன்பருக்கு என் விடை: சிறுமியருக்கு வேண்டா. தோழி பெலிசிட்டிக்குத் தந்தையாலேயே நேர்ந்த கொடுமை இதில் வெளிப்படுகிறது. பதினாறு வயது மகளாயின், 2003இல் வந்த முதற்பாகத்தோடு கொடுங்கள். தாங்களும் வாசித்துவிட்டுக் கொடுங்கள். அவள் கேள்வி கேட்பாள்.