கம்பெனி மூடினால் அளவுகளும் மறைய வேண்டுமா?



போன வாரம் நான் போட்ட ஹெரால்டு கார் படத்துக்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். "சார்வாள், இன்னுமா ஓடுது?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "பேசாம எடைக்குப் போட்டிருங்க மாமா" என்றவர்கள் மீதிப் பேர். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நீளமான பதிவுதான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

கார் ஓடுகிறது. ஆனால் அதற்கு முன் ஏழு மாதம் ஷெட்டில் கிடந்தது. காரணம், உள்ளங்கை அகலம் உள்ள ஓர் இரும்புத் துண்டு.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்த கார். வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே காரின் சட்டத்தைக் குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். நம் நாட்டில் 1961 முதல், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டைத் தயாரித்தது. பிறகு நாலு கதவு வைத்ததும் வந்தது. என் மாமனார் வாங்கியது அதைத்தான். அந்தக் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கியது. அது எடுபடவில்லை. சில வருஷத்திலேயே கார் தயாரிப்பு நின்றுபோனது.

இப்போது அந்த இரும்புத் துண்டுக்கு வருவோம். கியர்பாக்ஸின் பின்பக்கம் வெளியே வரும் ஷாஃப்டில் ஒரு வட்டத் தட்டு மாட்டியிருக்கும். அதுதான் ஃபிளாஞ்ச். உள்ளே இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். வெளித்தட்டில் நாலு போல்ட் போட்டு, பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை இணைப்பார்கள். ஃபிளாஞ்சின் கழுத்தில் ஆயில் சீலின் ரப்பர் உதடு உரசிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் முழு இழுவையும் இந்தத் துண்டு வழியாகத்தான் போக வேண்டும்.

என் காரில் கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகியது. ஒரு பட்டறையில் சீல் மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகல். மறுபடி சீல். மூன்றாவது முறையும் அதே கதை. ரப்பர் உரசி உரசி இரும்புக் கழுத்தில் பள்ளம் விழுந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. விரல் நகத்தை வைத்து ஓட்டினால் தட்டுப்படும் பள்ளம். அதன் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். இதுபோக, கிளட்சை விடும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்ப்ளைன் பற்களும் தேய்ந்திருந்தன.

புது ஃபிளாஞ்சுக்கு எங்கே போவது? புதுப்பேட்டையில் ஆள் விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. இன்னொரு பட்டறைக்காரர் பழசை அப்படியே அளந்து ஒன்று கடைந்து கொடுத்தார். மாட்டி ஓட்டினேன். ஒழுகல் நிற்கவில்லை, சத்தமும் போகவில்லை. கூடுதலாக, வேகம் பிடித்தால் கார் முழுக்க ஓர் அதிர்வு வேறு.

ஏன் என்று யோசியுங்கள். தேய்ந்த சாமானை அளந்து செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுப்போம். கழுத்து மெலிந்திருந்தால் புதுக் கழுத்தும் மெலிசாகத்தான் வரும். போல்ட் ஓட்டை நீண்டிருந்தால் நடுமையம் தப்பும். டாப் கியரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50. மையம் தப்பிய எடையின் உதறல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது வேகம் இரட்டித்தால் உதறல் நாலு மடங்கு. வட்ட இயக்கப் பாடத்தில் இதைத்தானே உங்களைக் கணக்குப் போடச் சொன்னேன்!

கடைசியில் அம்பையில் லேத் வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவன். பழைய ஃபிளாஞ்சின் கழுத்தை அவன் அளக்கவே இல்லை. சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், கனம் அச்சடித்திருக்கும். உள்விட்டத்தைப் படித்து, கழுத்து எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான். போல்ட் ஓட்டைகளுக்கு, தேயாமல் இருந்த எதிர்த்தட்டை அளந்தான். ஸ்ப்ளைனுக்கு மட்டும் திணறினான். ஷாஃப்டில் ஃபிளாஞ்ச் தொடாத உள்பக்கம் கொஞ்சம் பல் தேயாமல் இருந்தது. காருக்கு அடியில் படுத்துக்கொண்டே அதை மூன்று தடவை அளந்தான். பல் வெட்ட ஸ்லாட்டிங் மெஷின் வேண்டும் என்பதால் கோயம்புத்தூருக்கு அனுப்பினான். திரும்பி வந்ததும் டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்துவிட்டுத்தான் மாட்டினான். மொத்தம் எட்டு நாள்.

மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சார்வாள், ஒரே ஒரு டிராயிங் இருந்திருந்தா இது அரை நாள் வேல."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். அந்த டிராயிங் எங்கோ இருந்திருக்கும்தானே? ஒவ்வொரு சாமானுக்கும் அளவு, எந்த எஃகு, எத்தனை மைக்ரான் கூடக் குறைய இருக்கலாம் என்பதெல்லாம் போட்டுப் பொறியாளர்கள் வரைந்து வைத்ததுதானே? கம்பெனி மூடினால் நிலத்தை விற்கிறோம், மெஷினை விற்கிறோம். அந்தக் காகிதங்கள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

"இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமே" என்று என் மகன் கேட்டான். உண்மைதான். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் அங்கே நிறையப் பேர், அதனால் உதிரிபாகங்களை இன்னும் செய்கிறார்கள். ஆனால் விக்கிரமசிங்கபுரத்து விவசாயியின் பழைய பம்புசெட்டுக்கு லண்டனில் யார் சங்கம் வைத்திருக்கிறார்கள்? என் கார் ஆசைக்கு வைத்திருப்பது. அவருடைய பம்பு நின்றால் வயல் காயும். அம்பாசடர் 2014-இல் நின்றுவிட்டது. நாளைக்கு அந்த வண்டிகளுக்கும் இதே கதிதான்.

மத்திய அரசு 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு குழு அமைத்து, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். ஆனால் உயிரோடு இருக்கும் கம்பெனியிடம்தானே தகவல் கேட்க முடியும்? மூடிய கம்பெனிக்கும் ஒரு வழி வேண்டும். 2021-இல் 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரி, பழைய உருவின் அளவை யார் கொடுப்பார்?

என் யோசனை சின்னதுதான். ஒரு கம்பெனி ஒரு சாமானைச் செய்வதை அடியோடு நிறுத்தும்போது, அதன் டிராயிங்குகளை அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குகளில் பொதுவில் வைக்கச் சட்டம் வேண்டும்.

"அது அவர்கள் சொத்து" என்பீர்கள். விற்கும் வரை சொத்துதான், மறுக்கவில்லை. விற்பதையே நிறுத்தியபின் ஒளித்து வைப்பதில் யாருக்கு லாபம்? "கண்டவர்களும் செய்தால் ஆபத்து" என்பீர்கள். டிராயிங் இல்லாமல் செய்ததுதான் ஐயா என் காரை உதற வைத்தது! "பழைய வண்டி புகை விடும்" என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மாதம் இரண்டு தடவை, அகஸ்தியர் அருவி ரோடு வரை மட்டும் ஓட்டுகிறேன்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பட்டறையில், மில்லில், மின்நிலையத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, ஒரு பழைய சாமானைக் கழற்றினால் தூக்கிப் போடுவதற்கு முன் வெர்னியரை எடுங்கள். தேயாத இடத்தில் மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். படம் போட்டு, எந்த இடம் தேய்ந்திருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

அம்பைக்காரன் என் ஃபிளாஞ்சின் அளவுகளை ஒரு கோடு போட்ட நோட்டில் வரைந்து கொடுத்திருக்கிறான். அதன் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். ஹெரால்டு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.