மாண்டவர் பெயரில் மடலா?

மனிதன் கண்ணை மூடியவுடன் அவனுடைய கடன் மூடிவிடுவதில்லை. அவன் விட்டுச்சென்ற பொருளைக் கடன் பின்தொடரும். இது நம் முன்னோர் அறிந்த நியாயம். இன்றைய சட்டமும் ஏற்றுக்கொள்ளும் நியாயம். ஆனால் அந்தக் கடனைப் பற்றிய கேள்வியை யாரிடம் கேட்பது? உயிரோடிருக்கும் உரித்தாளரிடமா, சுடலையில் சாம்பலாகிவிட்டவரிடமா? பழைய கணக்கை மறுபடியும் திறந்து, "உமது வருமானத்தை மீள மதிப்பிடப் போகிறோம், பதில் சொல்லும்" என்று இறந்தவர் பெயருக்கு வரி அதிகாரிகள் அனுப்பும் அறிவித்தல் செல்லுமா? செல்லாது என்பதே நமது கருத்து.

தீவக மக்களுக்கு இது வழக்கறிஞர்கள் பொழுதுபோக்காகப் பேசும் விவகாரமன்று. புங்குடுதீவும் காரைநகரும் வேலணையும் ஊர்காவற்றுறையும் நயினாதீவும் தென்னிலங்கை நகரங்களுக்கு வணிகரை வழங்கிய ஊர்கள். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் கடைகள் எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. 1990 இல் படையினர் தீவகத்துட் புகுந்தபின் ஊர்கள் வெறிச்சோடின. அன்று புறப்பட்டவர்களுட் பலர் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் கண்மூடினர். அவர்களுடைய முகவரிகள் மட்டும் பழைய பதிவேடுகளிற் கிடக்கின்றன. கூரை இழந்த வீட்டின் படலையிற் செருகப்படும் கடிதத்தை யார் பிரித்துப் படிப்பது?

வரியின் கையும் முன்போற் குறுகியதன்று. 1932 இல் இலங்கையில் வருமான வரி விதிக்கப்பட்டபோது அது பெருஞ்செல்வரின் கவலை. இன்றோ 2024 ஜனவரி முதல் பதினெட்டு வயது நிரம்பிய யாவரும் வரிப் பதிவு பெறவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வங்கி வைப்பின் வட்டியிற் பிடித்துக்கொள்ளும் வரி 2023 இல் நூற்றுக்கு 5 ஆக இருந்து 2025 ஏப்ரலில் நூற்றுக்கு 10 ஆயிற்று. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வெளிப்படுத்தல் கொடுத்து அதனைத் தவிர்க்கலாமெனினும், பிள்ளைகள் அனுப்பிய பணத்தை வைப்பிலிட்டு வாழும் முதியவரின் பெயரும் இன்று வரிப் பதிவேட்டில் ஏறுகிறது. முதியவர்களின் பெயர் பதிவேட்டில் ஏற ஏற, இறந்தவர்களின் பெயரும் அதில் மிகும். ஆகவே இந்தக் கேள்விக்கு இப்பொழுதே விடை காண்பது நல்லது.

பாக்கு நீரிணையின் அக்கரையில் நீதிமன்றங்கள் இதனை நன்கு ஆராய்ந்துள்ளன. 2010 இல் காலமான ஒருவரின் பெயருக்கு, 2017 மார்ச் மாத இறுதியில், காலவரையறை முடியும் தறுவாயில் மீள்மதிப்பீட்டு அறிவித்தல் போயிற்று. கணவர் இறந்துவிட்டார் என்று மனைவி தெரிவித்தபின் அவர் பெயருக்கு நடவடிக்கையைத் திருப்பினார்கள். அதற்குள் காலவரையறை கடந்துவிட்டது. இறந்தவருக்கு அனுப்பிய அறிவித்தல் அறிவித்தலே ஆகாது. அதனைக் காலங்கடந்து உயிர்ப்பிக்கவும் இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 இல் தீர்த்தது. டில்லி வழக்கில் வரி செலுத்துநர் 2018 டிசம்பரிற் காலமானார். காலவரையறையின் கடைசி நாளாகிய 2019 மார்ச் 31 ஆம் தேதியிட்டு அவர் பெயருக்கே அறிவித்தல் பிறந்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2020 இல் அதனைத் தள்ளியது. மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து இல்லாதொழிந்த நிறுவனத்தின் பெயரிற் செய்த வரி மதிப்பீடும் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019 இல் உரைத்தது.

வரி அதிகாரிகள் இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்வதுண்டு. "இது வெறும் எழுத்துப்பிழை, திருத்திக்கொள்ளலாம்" என்பது முதலாவது. பெயரில் ஓரெழுத்துத் தவறினால் அது பிழை. பெயருக்குரிய மனிதனே இல்லையென்றால் அதனைப் பிழை என்று எப்படிச் சொல்வது? அறிவித்தல் என்பது ஒருவனை அழைத்து, "உன் பக்கத்து நியாயத்தைச் சொல்" என்று கேட்பது. கேட்கச் செவியில்லாதவனை அழைத்தால் அங்கே அழைப்பே நிகழவில்லை. இரண்டாவது சமாதானம், "இறப்பை உரித்தாளர்கள் எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை?" என்பது. அப்படி அறிவிக்கவேண்டுமென்று இந்தியச் சட்டம் உரித்தாளர்மீது கடமை எதனையும் சுமத்தவில்லை என்று டில்லி நீதிமன்றம் விடை கூறிவிட்டது. நாம் மேலும் ஒன்று கேட்கிறோம். பிறப்பையும் இறப்பையும் பதிபவர்கள் யார்? அரசாங்கத்தார் அல்லவா? பதிவாளர் எழுதியதை வரி அதிகாரி படிக்கவில்லையென்றால் அக்குற்றத்துக்கு விதவையைத் தண்டிப்பதா?

திறைசேரிக்குரிய பணத்தை ஏய்த்துச் சேர்த்தவரின் பிள்ளைகள் அதனை வைத்துக்கொள்ளட்டும் என்று நாம் வாதாடவில்லை. இந்தியச் சட்டம் இறந்தவர்மீது எடுக்கக்கூடிய நடவடிக்கையை அவருடைய சட்டப் பிரதிநிதிமீது எடுக்க இடந்தருகிறது. ஆனால் அவர் பொறுப்பு, இறந்தவர் விட்டுச்சென்ற ஆதனத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்று எல்லையும் கட்டுகிறது. நமது நாட்டிலும் இறந்தவரின் வரிப் பொறுப்பு, மரணசாதன நிறைவேற்றுநரையோ ஆதன நிருவாகியையோ சாரும். ஆதலால் வழி திறந்தே இருக்கிறது. உரியவரைத் தேடி, உரிய காலத்துக்குள், அவர் பெயரிட்டு அழைக்கவேண்டும், அவ்வளவே.

இந்தியத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் அவற்றின் நியாயம் நமக்கும் பொருந்தும். நமது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, மதிப்பீட்டை ஏற்காதவர் 30 நாளுக்குள் மீளாய்வு கோரவேண்டும். அதற்கப்பால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு உண்டு. இந்த 30 நாளை மாண்டவர் எப்படி எண்ணுவார்? கொழும்பிற் புறப்பட்ட கடிதம் யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவானில் வள்ளமேறி, கடல் அனுமதித்தால் நெடுந்தீவு சேரும். அங்கே உரியவர் இல்லை. அவர் மகன் வேறு தேசத்தில். நாள் கடந்தது, ஆட்சேபம் வரவில்லை, ஆகவே கடன் உறுதியாயிற்று என்று ஏட்டில் எழுதினால் அது நீதியாகுமா?

தேசவழமை ஆளும் மண்ணில் இன்னுமொரு சிக்கல் உண்டு. இறந்தவருடைய ஆதனம் எது என்பதையே முதலிற் பிரித்தறியவேண்டும். மனைவியின் சீதனம் கணவனின் ஆதனமன்று. தேடியதேட்டத்திற் பாதி, உயிரோடிருக்கும் துணைக்குரியது. கணவன் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, தாய்வழி வந்த பனங்காணியையும் புகையிலைத் தறையையும் கடனுக்கு ஈடாக எண்ணுவது எந்த நியாயம்? உரித்தாளரை அழைத்து விசாரித்தாலன்றி இந்த வேறுபாடு வெளிவராது.

இறந்தார் என்றும் சொல்லமுடியாமல், இருக்கிறார் என்றும் சொல்லமுடியாமல் வாழும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வெட்டுண்டு மாண்டவர்களின் உறவினர் சாவை அறிவர். 1990 இல் தீவகத்திற் கைதாகி மீளாதவர்களின் தாய்மாருக்கோ அந்த உறுதியும் இல்லை. காணாமற் போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமும், மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே காணப்படாமைச் சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தன. காணாமற் போன மகனின் பெயருக்கு ஒரு வரிக் கடிதம் வருமாயின் அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அலுவலகத்திலிருந்து கையொப்பமிடுபவர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

ஆகவே உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்திடம் நாம் கேட்பவை இவை. பழைய ஆண்டின் கணக்கைத் திறக்குமுன் பதிவாளர் நாயகத்தின் ஏட்டைப் பாருங்கள். தீவகத்து முகவரியாயின் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்கள் வழியாகக் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். இறந்தவர் பெயரிற் சென்ற அறிவித்தலைத் தாமாகவே மீளப்பெறுங்கள். விதவையை நீதிமன்றப் படியேற்றாதீர்கள். உரித்தாளருக்கு அனுப்புவதைத் தமிழில் அனுப்புங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பே கூறுகிறது. அது நீங்கள் தரும் சலுகையன்று.

நம் மக்களுக்கும் ஒரு சொல். இத்தகைய கடிதம் வந்தால் அஞ்சவும் வேண்டாம், அடுப்பிலிடவும் வேண்டாம். மரணச் சான்றிதழின் பிரதியை இணைத்து, "இவர் இன்ன தேதியிற் காலமானார், ஆகவே இவ்வறிவித்தலை ஆட்சேபிக்கிறோம்" என்று 30 நாளுக்குள், பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆட்சேபம் சொல்லாமல் இறந்தவருக்காகக் கணக்கு ஒப்புவித்து விசாரணைக்கு உடன்பட்டுவிட்டாற் பின்னர் இக்குறையை எடுத்துக்காட்டுவது கடினமாகலாம். சாவு நிகழ்ந்த வீட்டில் எட்டுச் செலவு முடிந்ததும், இறப்புப் பதிவையும் ஆதன விவகாரத்தையும் காலந்தாழ்த்தாமல் ஒழுங்குசெய்யுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரில் நம்பத்தக்க ஒருவரிடமேனும் தம் முகவரியைக் கொடுத்துவைப்பது நல்லது.

வரி கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. கேட்கப்படுபவன் பதில் சொல்லும் உரிமை அதனினும் மூத்தது. பதில் சொல்ல வாயில்லாத ஒருவரைக் கேட்டுவிட்டு, அவர் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் ஆட்சிக்கு நீதி என்ற பெயர் பொருந்தாது. மாண்டவர்களை நிம்மதியாக உறங்கவிடுங்கள். கேட்கவேண்டியதை இருப்பவர்களிடம் கேளுங்கள்.