எலி வளையானாலும் தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பர் நம் முன்னோர். இணையத்திற்கும் இப்பழமொழி பொருந்தும் என்பதே எங்கள் கருத்து.

நம் கவிதைகளையும் ஓவியங்களையும் பிறர் நடத்தும் தளங்களில் இலவசமாக இட்டு மகிழ்கிறோம். ஆனால் அது இரவல் வீடு! அமெரிக்காவில் 'ஜியோசிட்டீஸ்' 2009ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, அங்கே பக்கம் அமைத்திருந்த எத்தனையோ பேர் இடமிழந்தனர் அல்லவா?

வீட்டிலுள்ள பழைய கணினியே ஒரு சிறு தளத்தைத் தாங்கப் போதும். ஆனால் இணையத்தில் அதன் முகவரி வெறும் எண், அதுவும் மாறக்கூடியது. எனவே ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து, அவ்வெண்ணோடு இணைக்க வேண்டும். எண் மாறினால் பதிவைத் திருத்தினால் போதும், பெயர் மாறாது.

இஃது ஆண்கள் வேலை என்பாரும் உளர். 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் இம்முறையை வகுக்குமுன், கணினிகளின் பெயர்ப் பட்டியலைப் பேணிய அலுவலகத்திற்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணியே! '.காம்', '.ஆர்க்' போன்ற பிரிவுகள் உருவானதிலும் அவர் குழுவுக்குப் பங்குண்டு.

"வாசலைத் திறந்தால் திருடன் நுழைவானே" எனப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. பெயரைப் பெரியவர்களே பதிவு செய்யட்டும். தேவையான கதவை மட்டும் திறப்போம்; மென்பொருளைத் தவறாது புதுப்பிப்போம்; வீட்டு முகவரியையும் புகைப்படத்தையும் இடமாட்டோம். ஆண்டுக் கட்டணத்தையும் மறவோம். மறந்தால் பெயர் பிறர் கைக்குப் போய்விடலாம்.

அன்புப் பெற்றோரே, எங்களைப் பூட்டி வைக்காதீர்கள். பூட்டக் கற்றுக் கொடுங்கள்!